நின்ற இடத்தில் நீலம் பாரித்த புகைக்குழாய்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகள் என்னைத் தேடி வந்தால் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் நீலம் பாரித்துவிட்டால் எதைப் போட்டுத் தேய்ப்பது? எஞ்சினைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. எஞ்சின் உள்ளே ஒளிந்திருக்கிறது. குழாய் வெளியே மினுக்குகிறது. வாடிக்கையாளர் அதில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்துகொள்கிறார்.

எதைப் போட்டுத் தேய்ப்பது என்பதற்குப் பதில் தெரியாத ஆளே நம் பக்கத்தில் கிடையாது. புளி என்பார் ஒருவர். எலுமிச்சம்பழத் தோல் என்பார் இன்னொருவர். சாம்பல், பல்பொடி, செங்கல் தூள் என்று ஆளுக்கொரு வைத்தியம். எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். சிலவற்றால் ஒன்றும் ஆகாது. சிலவற்றால் நிறம் போகும், கூடவே குரோம் பூச்சும் போகும். அதற்குப் பிறகு நீலமே தேவலையே என்று இருக்கும்.

ஆனால் அந்த நீலம் அழுக்கு அல்ல. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதும் அல்ல. சூடு தாங்காமல் உலோகமே நிறம் மாறுகிறது. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம், கடைசியில் மயில் கழுத்து. காய்ச்சல்காரனின் நெற்றியைத் துணியால் துடைத்துவிட்டு 'சரியாகிவிட்டது, போய் வா' என்று அனுப்புகிற வைத்தியரை நீங்கள் மதிப்பீர்களா? சூடு எப்படி வந்தது என்று கேட்காமல் துணியைக் கையில் எடுக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கல்யாணம். சம்பந்தப்பட்டவர்கள் பேரன் பேத்தி எடுத்து நன்றாக இருக்கிறார்கள். அதனால் பெயர்கள் வேண்டாம்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கடையில் நான் ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர். சீமையிலிருந்து மரப்பெட்டியில் வரும் வண்டிகளை ஹார்பரிலிருந்து எடுத்து வந்து, பாகங்களைப் பூட்டி, ஓட்டிப் பார்த்து விற்போம். முன்பக்கம் கண்ணாடி வைத்த ஷோரூம், பின்பக்கம் தகரக் கொட்டகை. முன்பக்கம் மேனேஜருடையது, பின்பக்கம் என்னுடையது.

மேனேஜர் நல்ல மனிதர். யாரையும் கோபித்துக்கொள்ள மாட்டார். யாராவது அவரைக் கோபித்துக்கொண்டால் எங்களைக் கைகாட்டிவிடுவார். வண்டியில் எந்தக் குறை சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது: கடல் காற்று. செயின் துருப்பிடித்தால் கடல் காற்று. விளக்கு எரியாவிட்டால் கடல் காற்று. சீட்டுத் தோல் கிழிந்து வந்தவரிடமும் அதையே சொல்லி, அவரும் தலையாட்டிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் வைகாசியில், தண்டையார்பேட்டையில் விறகுத் தொட்டி, அதாவது விறகுக் கடை, வைத்திருந்த ஒருவர் தன் பெண்ணின் கல்யாணத்துக்காக எங்களிடம் ஒரு வண்டி வாங்கினார். மாப்பிள்ளை துறைமுகத்தை ஒட்டிய கிடங்கு ஒன்றில் குமாஸ்தா. மாப்பிள்ளை வீட்டார் மோதிரத்தில் ஆரம்பித்து, கைக்கடிகாரத்துக்கு ஏறி, மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்களாம்.

மாப்பிள்ளையின் தகப்பனார் ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, கிழிந்தது, நனைந்தது, குறைந்தது என்று குறை எழுதுவதுதான் அவர் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு குறை எழுதக் கப்பல் கிடைக்காததால் குடும்பத்தில் எழுத ஆரம்பித்திருந்தார். கல்யாணப் பந்தியில் உடைந்த அப்பளம் போட்டதைப் பற்றிப் பெண் வீட்டாரிடம் தனியாக விசாரணை நடத்தியவர் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆவணியும் பிறந்தது. பெண்ணைத் திரும்ப அழைத்துப் போக மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. விறகுத் தொட்டிக்காரர் போய் விசாரித்ததில் காரணம் தெரிந்தது. வண்டியின் புகைக்குழாய் நீலமாகிவிட்டது. புது வண்டிக்குக் குழாய் நீலமாகாது. ஆகவே கொடுத்தது பழைய வண்டி. ஆகவே சம்பந்தி ஏமாற்றுக்காரர். ஏமாற்றுக்காரர் வீட்டுப் பெண்ணை எப்படி அழைத்துக்கொள்வது? ஒரு குழாயின் நிறத்திலிருந்து ஒரு பெண்ணின் வாழ்க்கை வரைக்கும் இப்படிப் படிப்படியாக இறங்கி வந்திருந்தார் அந்தப் பெரியவர்.

ஒருநாள் முற்பகலில் எல்லோருமாகக் கடைக்கு வந்தார்கள். பெரியவர் கை ரிக்‌ஷாவில் வந்தார். விறகுத் தொட்டிக்காரரும் அவர் பெண்ணும் குதிரை ஜட்காவில் வந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் தன் வீட்டிலிருந்து வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஏன் தள்ளிக்கொண்டு வந்தார் என்று மேனேஜர் கேட்டதற்குப் பெரியவர்தான் பதில் சொன்னார். குறை உள்ள சரக்கை விசாரணை முடியும்வரை உபயோகிக்கக் கூடாதாம். வீட்டில் அவர் மனைவி புளி போட்டுத் தேய்க்கப் போனபோதுகூட, சாட்சியை அழிக்காதே என்று தடுத்துவிட்டாராம்.

மேனேஜர் தன் கடல் காற்றை எடுத்து வீசிப் பார்த்தார். பெரியவர் அசையவில்லை.

"நான் கடல் காத்துலயே பொறந்து வளந்தவன். என் மூக்கு இன்னா நீலமாவா கீது?" என்றார்.

அதோடு விடவில்லை. எவனோ ஓட்டித் தேய்த்த வண்டியைத் துடைத்துப் புதிது என்று விற்றிருக்கிறீர்கள், அல்லது சம்பந்தி பழையதைக் கேட்டு வாங்கியிருக்கிறார், இரண்டில் ஒன்றை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். தெருவில் ஏற்கெனவே கூட்டம் கூடியிருந்தது. காசிமேட்டிலிருந்து கூடையோடு வந்த மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள்.

விறகுத் தொட்டிக்காரர் உரக்கப் பேசவில்லை. என் பக்கத்தில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நீங்க பழச குடுத்திருந்தா சொல்லிடுங்க சார். இல்ல, நான்தான் பழசா கேட்டேன்னு சொன்னாலும் சரி. ஒத்துக்கறேன். பொண்ணு வூட்டுக்குப் போய்ச் சேரணும்."

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தயாராக ஒருவர் நிற்பதைப் பார்ப்பதைவிடச் சங்கடம் வேறு இல்லை.

மேனேஜர் என்னை ஒதுக்கமாக அழைத்துப் போனார். காரணமெல்லாம் ஆராய வேண்டாம், கொட்டகைக்குக் கொண்டுபோய்த் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்துவிடு, பிறகு நீலமானால் அவர்கள் வீட்டு வாசலில்தானே ஆகும் என்றார். விற்பனைக்காரரின் தர்க்கத்தில் எப்போதும் ஒரு அழகு உண்டு.

வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். துணியை எடுக்கும் முன் சுற்றி ஒருமுறை பார்த்தேன். புது டயரில் மயிர் போலச் சின்னச் சின்ன ரப்பர் முளைகள் இருக்கும். கொஞ்சம் ஓடினால் உதிர்ந்துவிடும். இதில் அப்படியே இருந்தன. கியர் போடும் மிதியின் ரப்பர் பெட்டியிலிருந்து எடுத்தது போல இருந்தது. உதைத்துக் கிளப்பும் மிதியின் ரப்பரோ தேய்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் கைப்பிடியில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். உதைத்துக் கிளப்பும்போது தீப்பொறி சற்றுத் தாமதமாக விழும்படி அதைப் பின்னால் தள்ள வேண்டும். வண்டி கிளம்பிப் போகும்போது முன்னால் தள்ள வேண்டும். மறந்தால் சூடெல்லாம் குழாய் வழியாகவே போகும். இந்த வண்டியில் அது பின்னாலேயே இருந்தது. முன்னால் தள்ளிய தடமே இல்லை.

எங்கள் கடையை விட்டுப் போன பிறகு இந்த வண்டி எத்தனையோ தடவை கிளப்பப்பட்டிருக்கிறது. ஒரு தடவைகூடக் கிளம்பிப் போனதில்லை.

பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சாக்குச் சொல்லி மாப்பிள்ளையைக் கொட்டகைக்குள் கூப்பிட்டேன். கியர் மிதியைக் காட்டினேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் அங்கிருந்த காலிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"சைக்கிள் நல்லா வுடுவேன் சார். இது கியரப் போட்டா இழுத்துகினு போவுது. பயமா கீது."

பெண் பார்க்கப் போனபோது மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். இவர் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டு, தெரியுமாவா, கடலோரமாக ஏழெட்டு மைல் தள்ளி இருக்கிற எண்ணூருக்கே போய்வருவான் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு இல்லை என்று சொல்ல இவருக்கு இடமே கிடைக்கவில்லை. வண்டி வீட்டுக்கு வந்ததும், சாயங்காலமானால் தெருவே பார்க்க வாசலில் உதைத்துக் கிளப்புவார். கூட்டமாக இருக்கிறது என்று சொல்லி அணைத்துவிட்டு மூலைவரை தள்ளிக்கொண்டு போவார். அங்கே உப்புக் கிடங்குச் சுவரோரம் நிறுத்தி, மறுபடி கிளப்பி, எண்ணூர் போய்வரும் நேரம் வரைக்கும் எஞ்சினை உறுமவிட்டு மேலே உட்கார்ந்திருப்பார். பிறகு தள்ளிக்கொண்டு திரும்புவார். ஓடுகிற வண்டிக்குக் காற்று பட்டுச் சூடு ஆறும். சுவரோரம் நிற்கிற வண்டிக்கு ஏது காற்று? குழாய் நீலம் பாரிக்காமல் என்ன செய்யும்?

மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் சார். ஒரு நாளு சொல்லுச்சு, எண்ணூர் போய்வந்த சட்டைல உப்புக்காத்து வாடயே இல்லியேன்னு. அப்பால அதப் பத்திப் பேசல."

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் புருஷனின் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அதனால் அவள் தகப்பன் ஊர் முன்னால் ஏமாற்றுக்காரனாக நிற்கிறான். இவரோ தன் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தம்பிகளே, நம் தொழிலில் மிகக் கடினமான இடம் இதுதான். முன்னால் போய் உண்மையைச் சொல்லிவிட என்னால் முடியும். கூட்டம் கைகொட்டும். ஆனால் கூட்டத்தின் முன்னால் ஒரு மெக்கானிக் வாயால் மானம் போன புருஷனோடு அந்தப் பெண் எப்படிக் குடும்பம் நடத்துவாள்? அந்தக் கோபம் முழுக்க அவள் தலையில்தான் இறங்கும். சரி, வண்டியில்தான் கோளாறு என்று சொல்லிவிடலாமா? எல்லோருக்கும் சௌகரியம். பொய்யும் சின்னது. ஆனால் அந்தப் பொய்யை நம்பி இவர் மறுபடியும் அதே சுவரோரம் போய் நிற்பார்; அடுத்த மாதம் பெண் மறுபடியும் தாய்வீட்டில் இருப்பாள். வெளியே மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உலாத்துவது கதவிடுக்கில் தெரிந்தது. யோசிக்க அவகாசம் அவ்வளவுதான்.

"வண்டி பழசுன்னு என் வாயால வராது," என்றேன். "உங்களுக்கு ஓட்டத் தெரியாதுங்கறதும் என் வாயால வராது. முதலாவது பொய். ரெண்டாவது நீங்க சொல்ல வேண்டியது."

எதுவானாலும் கியரை மட்டும் தொடாதீர்கள் என்று எச்சரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மெல்லிய பாலிஷ் பொடியும் துணியும் வைத்துத் தேய்த்ததில் நிறம் போனது. குழாய் புதிதாகவே ஆகிவிட்டது. அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. தேய்ப்பது எவ்வளவு சுலபம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வண்டி முன்பக்கம் வந்ததும் மேனேஜர் முகமும் பாலிஷ் போட்டது போல் ஆனது. பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, குழாயின் அடிப்பக்கம்வரை தேடினார். குறை கிடைக்கவில்லை. அவருக்கு அது பெரிய ஏமாற்றம். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பிள்ளையே ஏறி ஓட்டிக்கொண்டு போகட்டும், ராயபுரம் முழுக்கப் பார்க்கட்டும் என்று கையை விரித்து அறிவித்துவிட்டார்.

பெரியவர் நிமிர்ந்தார். "போடா. எண்ணூருக்கே போறவன், வூட்டுக்குப் போறதுக்கு இன்னா?"

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். ஒரே உதைதான். எஞ்சின் கிளம்பிவிட்டது. அவ்வளவு அழகாக உதைத்துக் கிளப்புகிறவரை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. ரிக்‌ஷாக்காரர் வண்டியை ஓரமாக இழுத்துக்கொண்டார். எஞ்சின் உறுமியது. மாப்பிள்ளை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் கையை ஆட்டினார். மேனேஜரும் ஆட்டினார். மாப்பிள்ளை எஞ்சினை இன்னும் கொஞ்சம் உறுமவிட்டார்.

"இன்னா நைனா, கப்பல் கெளம்புமா கெளம்பாதா?" என்று ஒரு மீன்காரம்மா கேட்டார்.

அப்போது எல்லோர் கண்ணெதிரிலும் குழாயில் மஞ்சள் படர ஆரம்பித்தது. எஞ்சினை ஒட்டிய வளைவில் முதலில் வைக்கோல் நிறம். பிறகு அது மெல்லக் கீழே இறங்கியது. வளைவில் பழுப்பு. நெம்பு பின்னாலேயே இருந்தது. அதை முன்னால் தள்ள என் கை நீண்டது. தள்ளியிருந்தால் சூடு குறைந்திருக்கும். கையை இழுத்துக்கொண்டேன். ஒரு குழாய் கெட்டால் இன்னொன்று மாட்டலாம் என்று தோன்றியது. மேனேஜர் அந்தக் குழாயைப் பெற்ற பிள்ளைக்கு அம்மை போட்டது போலப் பார்த்தார். பெரியவருக்கோ உயிர் வந்துவிட்டது. பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கண் முன்னாலேயே, இது குறை உள்ள சரக்கு என்று கூட்டத்தைச் சாட்சிக்கு அழைத்தார்.

ஜட்காவிலிருந்து அந்தப் பெண் இறங்கினாள். அதுவரை அவள் முகத்தைக்கூட நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. நேராக வண்டிக்குப் பக்கத்தில் வந்து எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். மாப்பிள்ளை நிறுத்தினார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

மாப்பிள்ளை வண்டியிலிருந்து இறங்கித் தகப்பனார் பக்கம் திரும்பினார். "நைனா, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது," என்றார். எல்லோருக்கும் கேட்டது.

பெரியவர் எண்ணூர் என்று ஆரம்பித்தார். உப்புக் கிடங்குச் சுவரோரம்தான் நின்றேன் என்று மகன் சொன்னார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகனைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். கடைசியில், குறை எழுதாமல் இருக்க முடியாதவர் ஆகையால், மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"ஓட்டத் தெரியாதவனுக்கு நீங்க எப்டி வண்டி குடுத்தீங்க?"

மேனேஜர் வாயைத் திறந்தார். கடல் காற்றுகூட அவருக்கு உதவிக்கு வரவில்லை.

கூட்டத்தின் சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு பெரியவர் பெருந்தன்மையோடு ஒரு முடிவுக்கு வந்தார். நடந்தது நடந்துவிட்டது, இன்றைக்கே நல்ல நேரமாக இருக்கிறது, மருமகளை அழைத்துக்கொண்டு போகிறோம் என்றார். விறகுத் தொட்டிக்காரர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. பெண்ணை ஜட்காவில் ஏறச் சொன்னார்.

அவள் ஏறவில்லை.

"இல்ல மாமா. எங்க நைனாவ ஏமாத்துக்காரர்னு ஊரெல்லாம் சொன்னீங்க. இவரு கேட்டுகினு சும்மா இருந்தாரு. இவரே கத்துக்கினு, இவரே ஓட்டிகினு வரட்டும். அப்ப வரேன்."

தகப்பனாரும் கெஞ்சிப் பார்த்தார். அவள் மாமனார் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஜட்காவில் ஏறித் தாய்வீட்டுக்கே திரும்பிப் போனாள். மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இந்த முறை தலை குனிந்திருந்தாலும் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது போல எனக்குப் பட்டது.

உண்மையைச் சொல்லியிருந்தால் நான் கெட்டிக்காரனாக வீட்டுக்குப் போயிருப்பேன். பொய் சொல்லியிருந்தால் மேனேஜருக்கு நல்லவனாக இருந்திருப்பேன். இரண்டும் இல்லாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் பார்த்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை. வாடிக்கையாளர் உங்களிடம் வண்டியை மட்டும் கொண்டுவருவதில்லை. கூடவே ஒரு குடும்பத்தையும் தள்ளிக்கொண்டு வருகிறார். வண்டியைத்தான் நீங்கள் கழற்றலாம். மற்றதை அவர்கள்தான் கழற்ற வேண்டும்.

எங்கள் கடையில் வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதற்கென்று ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரம் கடற்கரையில் அவர்தான் மாப்பிள்ளைக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மாப்பிள்ளை மணலில் விழுந்தார். வலை காயப் போட்டிருந்த இடத்தில் புகுந்து மீனவர்களிடம் திட்டு வாங்கினார். முழங்கை இரண்டிலும் தோல் போனது. பெரியவர் அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தார். யாராவது கேட்டால், எண்ணூரிலிருந்து திரும்பும்போது மாடு குறுக்கே வந்ததென்று சொல்லும்படி எங்கள் கடைக்கு ஆள் அனுப்பினார்.

ஐப்பசி வந்தது. தலைத் தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு மாப்பிள்ளை வண்டியில் போகிறார் என்று கேள்விப்பட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன். சைக்கிளில் போவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. அவர் முதல் கியரை விட்டு ஏறவே இல்லை. பெரியவர் வேட்டி சட்டையோடு ரிக்‌ஷாவில் பின்னால் கிளம்பியவர், பாதி வழியில் மகனைத் தாண்டிப் போய்விட்டார். பட்டாசுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வண்டி ஒருமுறை குலுங்கியது. ஆனால் நிற்கவில்லை.

விறகுத் தொட்டி வாசலில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு நிறுத்த வேண்டிய இடம் தெரிந்தது, நிறுத்தத்தான் வரவில்லை. வாசலைத் தாண்டி நாலு வீடு தள்ளிப் போய் நின்றார். ஆரத்தித் தட்டோடு எல்லோரும் தெருவில் நடந்து அவரிடம் போனார்கள். பெண்ணும் போனாள்.

விறகுத் தொட்டிக்காரர் வழக்கப்படி, மாப்பிள்ளைக்குத் தலைத் தீபாவளிக்கு என்ன வேண்டும், தயங்காமல் கேளுங்கள் என்றார். பெரியவர் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கித் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். மகன் முந்திக்கொண்டார்.

"ஒரு தம்ளர் தண்ணி குடுங்க மாமா. கை நடுங்குது."

அவர் மனைவி உள்ளே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கையில் தம்ளர் ஆடி, பாதித் தண்ணீர் புதுச் சட்டையில் சிந்தியது. மீதியைக் குடித்து முடிக்கும்வரை அவள் தம்ளரின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.